மறைந்த புள்ளியின் நிறம்

ஒரு ரோஜாவை மட்டும் கத்தரித்தெடுத்து, பின்னணியை அழித்துவிட்டு, பி.என்.ஜி. கோப்பாகச் சேமிக்கிறோம். பூவைச் சுற்றி இனி எதுவும் இல்லை என்பது நம் நினைப்பு. கோப்பில் கதை வேறு. ஒவ்வொரு புள்ளிக்கும் சிவப்பு, பச்சை, நீலம் என மூன்று எண்கள், நான்காவதாக ஆல்ஃபா. அது 255 என்றால் புள்ளி முழுதாகத் தெரியும், 0 என்றால் தெரியவே தெரியாது. ஆனால் தெரியாத புள்ளிக்கும் முதல் மூன்று எண்கள் உண்டு. அவை கறுப்பாக இருக்கலாம், வெள்ளையாக இருக்கலாம், அழித்த இலையின் பச்சையாகவே கூட இருக்கலாம். கண்ணில் படாத நிறம் என்ன செய்துவிடும்? சில மென்பொருள்களில் படத்தைச் சிறிதாக்கினால், இதழோரத்தில் கரி தடவியதுபோல ஒரு கோடு வந்து நிற்கும்.

இந்த நான்காவது எண் 1970களின் பிற்பகுதியில், நியூயார்க் இன்ஸ்டிட்யூட் ஆஃப் டெக்னாலஜியில் பிறந்தது. எட் கேட்மல், ஆல்வி ரே ஸ்மித் இருவரும் (பின்னாளில் பிக்ஸாரைத் தொடங்கியவர்கள்) ஒரே உருவத்தை வெவ்வேறு பின்னணிகள் மேல் வைத்துப் பார்க்க வேண்டியிருந்தது. ஒவ்வொரு முறையும் முதலிலிருந்து வரைந்தால் அன்றைய கணினிக்குத் தாங்காது. எவ்வளவு மறைக்கிறது என்பதையும் உருவத்தோடு சேர்த்தே சேமித்துவிட்டார்கள். இரண்டு படங்களைக் கலக்கும் சூத்திரத்தில் வழக்கமாக வரும் கிரேக்க எழுத்தே அதற்குப் பெயரானது.

ஆல்ஃபாவைக் கண்ணாடியின் தெளிவு என்று எண்ணுவதைவிடக் கொசுவலை என்று எண்ணுவது சரியாக வரும். நூல் முழுதாக மறைக்கிறது, துளை முழுதாக விடுகிறது. தொலைவிலிருந்து பார்ப்பவருக்கு இரண்டும் கலந்து பாதி மறைப்பாகத் தெரிகிறது. பாதி மறைக்கும் வலைமேல் இன்னொரு பாதி மறைக்கும் வலையைப் போட்டால் முழுதும் மறைந்துவிடாது. மேல்வலையின் துளைகளில் பாதியைத்தான் கீழ்வலை அடைக்கும். மொத்த மறைப்பு 75 சதவீதம். மென்பொருளும் இப்படித்தான் கணக்கிடுகிறது.

இனி அந்தக் கரிக்கோடு. இதழோரத்தில் ஒரு சிவப்புப் புள்ளி: 255, 0, 0, முழு மறைப்பு. பக்கத்தில் மறைந்த புள்ளி: 0, 0, 0, மறைப்பு இல்லை. சிறிதாக்கும்போது இரண்டும் ஒன்றாக வேண்டும். எண்களை அப்படியே சராசரி எடுத்தால் 128, 0, 0, அரை மறைப்பு. அதாவது அரைகுறையாகத் தெரியும் இருண்ட சிவப்பு. வெள்ளைத் தாள்மேல் வைத்தால் 191, 128, 128 என்று மங்கிப்போகிறது. வரவேண்டியது 255, 128, 128 என்ற இளஞ்சிவப்பு. காணாத கறுப்பு சராசரிக்குள் புகுந்து தன் பங்கை வாங்கிக்கொண்டது.

1984இல் லூக்காஸ்ஃபிலிமின் தாமஸ் போர்ட்டரும் டாம் டஃப்பும் எழுதிய கட்டுரை இதற்கு வழி சொன்னது. நிறத்தை ஆல்ஃபாவால் முன்கூட்டியே பெருக்கி வைத்துவிடு என்றார்கள். மறைப்பே இல்லாத புள்ளியின் நிறம் எதுவானாலும் பூஜ்யத்தால் பெருகி ஒழிந்துபோகும். இந்த முறையிலும் சராசரி அதே 128, 0, 0, அரை மறைப்புதான். ஆனால் இப்போது அதன் பொருள் ‘பாதி இடத்தை நிரப்பும் பளிச்சென்ற சிவப்பு’. மீதிப் பாதி இடத்துக்கு வெள்ளையைச் சேர்த்தால் 255, 128, 128 சரியாக வந்துவிடுகிறது. ஒரே நான்கு எண்களுக்கு இரண்டு அர்த்தம் என்பதுதான் இதில் விஷமம். பி.என்.ஜி. பெருக்காமல் வைக்கிறது, திரைப்படக்காரர்களின் ஓப்பன்-இ.எக்ஸ்.ஆர். பெருக்கி வைக்கிறது. எது எது என்று குழம்பிய மென்பொருள் ஓரத்தைக் கறுப்பாக்கும், அல்லது வெளிறச் செய்யும். படத்தை வெட்டியவர்மேல் வீண்பழி.

கேட்மல், ஸ்மித், போர்ட்டர், டஃப் நால்வருக்கும் 1996இல் ஆஸ்கர் அகாதமியின் தொழில்நுட்ப விருது கிடைத்தது.

பெருக்கி வைப்பதில் எனக்கு மிகவும் பிடித்தது வேறொன்று. ஆல்ஃபாவைப் பூஜ்யமாக்கி, நிறத்தை மட்டும் விட்டுவைத்தால்? பின்னாலிருப்பதைத் துளியும் மறைக்காமல், அதன்மேல் தன் ஒளியை மட்டும் கூட்டும் ஒரு பொருள் கிடைக்கிறது. தீச்சுவாலையும் மின்னலும் திரையில் இப்படி எரியலாம். பெருக்காத முறையில் இதற்கு இடமே கிடையாது. விலையும் உண்டு: ஆல்ஃபா 1 என்ற அளவுக்கு மெலிந்த புகையில், 0 முதல் 255 வரையிலான நிறமெல்லாம் பெருக்கியதும் 0 அல்லது 1 ஆகச் சுருங்கிவிடும், பிறகு பிரித்தெடுத்தாலும் பழைய நிறம் திரும்பாது. ஓப்பன்-இ.எக்ஸ்.ஆர். முழு எண்களை விட்டு 16 பிட் தசம எண்களில் படத்தைச் சேமிப்பதால், அங்கே மெல்லிய புகைக்கும் நிறம் தங்குகிறது.