வீட்டில் பாட்டுப் பதிவு: எந்தப் பிரீஆம்ப் வாங்கலாம்?

கரக்பூரில் நமது சங்கத்துக் குழந்தைகளுக்கு நெடுங்காலமாகப் பாட்டுச் சொல்லிக் கொடுத்துவந்த மாமி, கணவர் ரயில்வே உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்றபடியால், தை பிறந்ததும் கும்பகோணத்துக்குக் குடிபோகிறார். போகுமுன் அவர் பாட்டைப் பதிவு செய்து வைக்க வேண்டுமென்று ஆசை கொண்டோம். பக்கவாத்தியம் வயலின், மிருதங்கம், தம்புரா. இடம் நமது குவார்ட்டர்ஸின் கூடம். முதலில் கைபேசியில் முயன்றோம். மிருதங்கம் இடிபோல் முழங்கிற்று. மாமியின் கீழ்ஸ்தாயி அடியோடு காணாமற் போயிற்று.

விழாக்களுக்கென வாங்கிய டைனமிக் மைக் இரண்டு சங்கத்தில் ஏற்கனவே இருந்தன. அன்பர்களின் சந்தா ரூ. 28,000 சேர்ந்தது. அதை எதில் செலவிடுவது என்பதே கேள்வி.

மைக்கில் எழும் மின்னழுத்தம் மிகச் சொற்பம். மேடைப் பேச்சாளர் கையில் பிடிக்கும் டைனமிக் மைக், 94 டெசிபெல் உரத்த ஒலிக்குக்கூட சுமார் 2 மில்லிவோல்ட் அளவே தரும். கன்டென்சர் மைக் அதே ஒலிக்கு 10 முதல் 30 மில்லிவோல்ட் வரை தரும்; ஆனால் அதற்கு 48 வோல்ட் பாண்டம் பவர் வேண்டும். இந்தச் சொற்பத்தைப் பதிவுக்கு ஏற்றவாறு உயர்த்துவதே பிரீஆம்பின் வேலை. 60 டெசிபெல் பெருக்கம் என்றால் ஆயிரம் மடங்கு. அவ்வளவு பெருக்கும்போது கருவியின் சொந்த இரைச்சலும் கூடவே பெருகி, "உஸ்" என்று பாட்டுக்குப் பின்னால் வந்து நிற்கும்.

நாம் சென்ற கடைக்காரர் தனிப் பிரீஆம்ப் ஒன்றை எடுத்துவைத்து, 1970-இல் இங்கிலாந்தில் பிறந்த நீவ் 1073-இன் வழிவந்தது என்று புகழ்ந்தார். நீவ் உயர்ந்ததே, அதன் ட்ரான்ஸ்ஃபார்மர்கள் ஒலிக்கு ஒரு செழுமை தருவதும் மெய்யே. ஆனால் அவர் காட்டிய கருவியில் ஒரே ஒரு மைக்கைத்தான் சொருகலாம். நாமோ குமாஸ்தா, கணக்குப் பார்க்காமல் கையெழுத்திடுவது வழக்கமில்லை. 150 ஓம் மின்தடை ஒன்று மேஜைமேல் சும்மா கிடந்தாலும், வெப்பத்தினாலேயே சுமார் மைனஸ் 131 டி.பி.யு. இரைச்சல் எழுப்பும். இன்று சாதாரண விலையில் கிடைக்கும் கருவிகளிலேயே இவ்வளவு மைனஸ் 128 அளவில் இருக்கிறது. எவ்வளவு பணத்தைக் கொட்டினாலும் மிச்சப்படுவது மூன்று டெசிபெல்தான்! ஆகவே நான்கு பிரீஆம்ப் உள்ளடங்கிக் கணிப்பொறியில் இணையும் கருவி ஒன்றும், கன்டென்சர் மைக் ஒன்றும் வாங்கினோம்.

பிழை வேறிடத்தில் நேர்ந்தது. புது மைக் மிருதங்கத்துக்கே என்று வித்துவான் பிடிவாதம் பிடித்தார், நாமும் இசைந்தோம். வலந்தலையில் விழுந்த முதல் அடியிலேயே சிவப்பு விளக்கு எரிந்து ஒலி சிதைந்தது. அறுபது கடந்த மாமியின் மெல்லிய குரலுக்கு வைத்த டைனமிக் மைக்கிலோ, பெருக்கத்தை முழுதும் திருகியும் "உஸ்" தான் மிகுந்தது. மறுநாள் மைக்குகளை மாற்றினோம். கன்டென்சர் மாமிக்கு, டைனமிக் ஒன்று மிருதங்கத்துக்கு, ஒன்று வயலினுக்கு. தம்புராவை மாமியின் அருகில் வைத்ததால் அதற்குத் தனி மைக் வேண்டியிருக்கவில்லை. நான்காவது வாயில் காலியாகவே இருந்தது. மிருதங்கத்தின் மைக்கைச் சற்றே தள்ளியும் வைத்தோம். தூரம் இரட்டித்தால் நேராக வரும் ஒலி 6 டெசிபெல் குறையும். உச்ச ஒலி மைனஸ் 12-ஐத் தாண்டாதபடி திருகியை நிறுத்தினோம். 24-பிட் பதிவில் அவ்வளவு இடம் விடுவதால் நஷ்டமில்லை. மைக்கில் ஒலியளவு முழுவதையும் குறைக்கும் 'பேட்' விசை இருந்தால் மிருதங்கம் போன்ற வாத்தியங்களுக்கு உதவும். வாங்குவோர் கேட்டு வாங்கவும்.

குளிர்சாதனப் பெட்டியையும் மின்விசிறியையும் நிறுத்திவிட்டு, ஐப்பசிப் புழுக்கத்தில் ஐந்து பாட்டுக்கள் பதிவாயின. மூன்றாவதில் கூட்ஸ் வண்டி ஊதிக்கொண்டு போயிற்று. மறுபடி பாடலாமா என்று தயங்கிக் கேட்டோம்.

"முப்பது வருஷமா அந்த ஊதல் இல்லாம இங்கே என்னிக்குப் பாடியிருக்கேன்? இருந்துட்டுப் போகட்டும்" என்றார் மாமி.

கருவி இப்பொழுது சங்கத்து அறை அலமாரியில் இருக்கிறது. வீட்டுப் பெரியவர்களின் பாட்டைப் பதிய விரும்பும் அன்பர்கள் இரண்டு நாள் முன்னதாகக் காரியதரிசியிடம் சொன்னால் போதும்; மைக் ஒயர்களையும் மறவாது கேட்டு வாங்கிக்கொள்ளவும்.