கடலை மிட்டாய்க்கு ஒரு பக்கம்

கோவில்பட்டியில் கடலை மிட்டாய் போடுகிற ஒருவர் சொந்தமாக இணையக் கடை தொடங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். வேர்ட்பிரஸ் தளம், அதன் மேல் வூகாமர்ஸ் என்ற இலவசக் கடை மென்பொருள். பொருளின் பெயர், விலை, படங்கள் எல்லாவற்றையும் ஏற்றிவிட்டார். பக்கத்தைத் திறந்தால் இடப்பக்கம் படம், வலப்பக்கம் பெயரும் விலையும் ‘கார்ட்டில் சேர்’ பொத்தானும், கீழே விவரம். குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் செருப்பு விற்கிறவர் பக்கமும் சைக்கிள் உதிரிபாகம் விற்கிறவர் பக்கமும் இதே சாயல்தான். வெல்லப்பாகா, சர்க்கரையா? எத்தனை நாள் கெடாமல் இருக்கும்? ஊருக்கு வந்து சேர எத்தனை நாள்? மிட்டாய் வாங்க வருகிறவர் முதலில் கேட்கிற இந்தக் கேள்விகளுக்குப் பதில், இருந்தால், பக்கத்தின் அடியில் எங்கோ கிடக்கிறது.

இதை மாற்ற இரண்டு வழி உண்டு. நிரல் எழுதத் தெரிந்தவரைப் பிடிப்பது ஒன்று. பக்கத்தைக் கண்ணால் பார்த்துக்கொண்டே, வேண்டியதை இழுத்து வேண்டிய இடத்தில் விடும் ‘விஷுவல் பில்டர்’ மற்றொன்று. இரண்டாவது எப்படி வேலை செய்கிறது, எங்கே காலை வாரும் என்பதைப் பார்ப்போம்.

பொருள் பக்கம் என்று ஒன்று உண்மையில் எங்கும் இல்லை. கடையில் 200 பொருள் இருந்தால் 200 பக்கத்தை யாரும் எழுதி அடுக்கி வைப்பதில்லை. பெயர், விலை, எடை, இருப்பு, படம் எல்லாம் தரவுத்தளத்தில் தனித்தனிக் கட்டங்களில் இருக்கின்றன. எது எங்கே வர வேண்டும் என்று சொல்லும் டெம்ப்ளேட் வேறோர் இடத்தில் இருக்கிறது. வாடிக்கையாளர் பொருளைத் தட்டிய பிறகுதான் இரண்டும் சேர்ந்து பக்கம் உருவாகிறது. கல்யாணப் பத்திரிகை அச்சகத்தில் பிள்ளையார் படமும் ஓரத்துப் பூவேலையும் தயாராக இருக்கும், பெண் மாப்பிள்ளை பெயரும் முகூர்த்த நேரமும் மட்டும் மாறும் அல்லவா, அந்த ஏற்பாடுதான் இது. பில்டரில் நாம் திருத்துவது கடலை மிட்டாயின் பக்கத்தை அல்ல. எல்லாப் பொருளுக்கும் பொதுவான அச்சை. இதை மனத்தில் வாங்கிக்கொண்டால் பில்டரால் வரும் தொல்லைகளில் பாதி வராது.

வூகாமர்ஸுக்குள் அந்த அச்சின் வரிசை எண்களால் குறிக்கப்பட்டிருக்கிறது. தலைப்புக்கு 5, நட்சத்திர மதிப்பீட்டுக்கும் விலைக்கும் 10, சுருக்க விவரத்துக்கு 20, கார்ட் பொத்தானுக்கு 30, வகை முதலிய துணைத் தகவலுக்கு 40. சிறிய எண் மேலே, பெரிய எண் கீழே. விவரத்துக்கும் பொத்தானுக்கும் நடுவே ‘வெல்லத்தில் செய்தது’ என்று ஒரு வரி வேண்டுமானால், அதற்கு 25 என்று எண் கொடுத்து நாலு வரி பி.எச்.பி நிரல் எழுதினால் போதும். நிரல் தெரிந்தவருக்கு இது ஐந்து நிமிட வேலை. தெரியாதவருக்கு, ஓர் அரைப்புள்ளி விட்டுப்போனால் கடை முழுதும் வெள்ளைத் திரையாகிவிடும் அபாயம். பில்டர்கள் இந்த இடத்தில்தான் உள்ளே வந்தன.

திரையில் பார்ப்பதே முடிவில் கிடைக்கும் என்ற எண்ணம் பழையது. 1974-இல் ஜெராக்ஸ் நிறுவனத்தின் பார்க் ஆய்வகத்தில் பட்லர் லாம்ப்சனும் சார்லஸ் சிமோனியும் உருவாக்கிய ‘பிராவோ’ தொகுப்பான், எழுத்து அச்சில் எப்படி வருமோ அப்படியே திரையில் காட்டியது. இணையத்துக்கு அந்த வசதி 1990-களில் ஃபிரன்ட்பேஜ், ட்ரீம்வீவர் வழியாக வந்தது. ஆனால் அவை முதன்மையாகத் தனிப் பக்கங்களைச் செய்வதற்கான கருவிகள். கடைக்கு வேண்டியது தரவு மாறினாலும் நிலைகுலையாத அச்சு. வேர்ட்பிரஸ் 2003-இல் பிறந்தது. ஜிகோஷாப் என்ற மென்பொருளிலிருந்து கிளை பிரித்து வூகாமர்ஸ் 2011-இல் வெளியானது. அதை உருவாக்கிய வூதீம்ஸ் நிறுவனத்தை ஆட்டோமேட்டிக் என்ற நிறுவனம் 2015-இல் வாங்கியது. இஸ்ரேலில் தொடங்கிய எலிமென்டர் என்ற பில்டர் 2016-இல் வந்தது. பொருள் பக்கத்தின் அச்சையே இழுத்து விட்டு அமைக்கும் வசதியை அது 2018-இல் தன் கட்டணப் பதிப்பில் சேர்த்தது. இன்று இந்த வேலைக்குப் பல பில்டர்கள் இருக்கின்றன. பரவலாகப் புழங்குவது என்பதால் எலிமென்டரையே இங்கே எடுத்துக்கொள்கிறேன்.

திறந்ததும் திரை இரண்டாகப் பிரிந்திருக்கும். ஒரு பக்கம் விட்ஜெட் பட்டியல்: பொருள் படம், பொருள் தலைப்பு, விலை, கார்ட் பொத்தான், இருப்பு, தொடர்புடைய பொருள்கள். மறுபக்கம் உங்கள் பக்கம், உயிரோடு. விலை விட்ஜெட்டை இழுத்துத் தலைப்பின் கீழே விடுகிறீர்கள். ஒரு கணம் மங்கிவிட்டு விலை வந்து உட்காரும். அந்த மங்கலுக்குக் காரணம் இருக்கிறது. எழுத்தின் நிறம் மாற்றுவது போன்ற வேலையை உங்கள் உலாவியே செய்துவிடும். விலையோ தரவுத்தளத்தில் இருக்கிறது. சர்வரைக் கேட்டு வாங்கிவர வேண்டும். நீங்கள் வைத்ததெல்லாம் ‘இங்கே விலை, இந்த அளவு, இந்த நிறம்’ என்ற குறிப்புப் பட்டியலாகத்தான் சேமிக்கப்படுகிறது. வெளியிடும்போது அந்தப் பட்டியலிலிருந்து பக்கத்துக்கான அலங்காரக் கோப்பு ஒன்றும் தனியாக எழுதப்படுகிறது. கடைசியில் ‘எந்தப் பொருள்களுக்கு இந்த அச்சு?’ என்று கேட்கும். எல்லாவற்றுக்கும் என்றோ, இனிப்பு வகைக்கு மட்டும் என்றோ, பரிசுப் பெட்டி நீங்கலாக என்றோ சொல்லலாம்.

சரி, எங்கே சறுக்கும்?

முதல் சறுக்கல், அச்சில் கையால் எழுதுவது. ‘மூன்று மாதம் கெடாது’ என்று சாதாரண எழுத்து விட்ஜெட்டில் தட்டச்சு செய்து, கடலை மிட்டாய்க்குக் கீழே வைத்துவிடுகிறார்கள். பார்க்க அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் அடுத்த வாரம் கடையில் ஏற்றிய முறுக்கின் பக்கத்திலும், அதற்கடுத்து வந்த நெய் மைசூர்பாகின் பக்கத்திலும் அதே மூன்று மாதம் பல்லிளிக்கும். பொருளுக்குப் பொருள் மாறும் எதையும் அச்சில் எழுதக் கூடாது. பொருளின் தரவில் அதற்கென்று ஒரு தனிக் கட்டம் உண்டாக்கி, அச்சில் அந்தக் கட்டத்தைச் சுட்ட வேண்டும். கட்டம் காலியாக இருந்தால் அந்த வரியே தோன்றாமலிருக்கும்படியும் பார்த்துக்கொள்ள வேண்டும். இல்லையென்றால் ‘கெடாமல் இருக்கும் காலம்:’ என்று தலைப்பு மட்டும் அநாதையாக நிற்கும்.

இரண்டாவது, விலை. கால் கிலோ 110 ரூபாய், ஒரு கிலோ 400 ரூபாய் என்று இரண்டு அளவில் விற்கிறோம் என்றால், வூகாமர்ஸ் விலைக்கான இடத்தில் ‘₹110 – ₹400’ என்று வீச்சாகக் காட்டும். வாடிக்கையாளர் ஒரு கிலோவைத் தேர்ந்தெடுத்ததும் 400 என்ற சரியான விலை தோன்றும். ஆனால் மேலே உள்ள வீச்சின் இடத்தில் அல்ல, பொத்தானுக்குச் சற்று மேலே புதிதாக. வழக்கமான அமைப்பில் இரண்டும் அருகருகே இருப்பதால் பெரிதாக உறுத்தாது. பில்டரில் விலையைத் தூக்கிப் பக்கத்தின் உச்சியில் பெரிய எழுத்தில் வைத்துவிட்டால், ஒரே பொருளுக்கு இரண்டு விலை போலத் தெரியும். வாங்க வந்தவர் குழம்பி நிற்பார். விலையையும் அளவுத் தேர்வையும் பொத்தானையும் பிரிக்காதீர்கள் என்பேன். அவை மூன்றும் சேர்ந்து ஒரே பேச்சு.

மூன்றாவது, மாதிரிப் பொருள். அச்சை அமைக்கும்போது முன்னோட்டத்துக்கு ஒரு பொருளைத் தேர்ந்துகொள்ளச் சொல்லும். எல்லாரும் இருப்பதிலேயே நல்ல பொருளைத்தான் எடுப்பார்கள்: சின்னப் பெயர், நான்கு பளிச்சென்ற படம், ஐந்து நட்சத்திரம். அதை வைத்து வடிவமைத்தால் அதற்குத்தான் பொருந்தும். கடையிலேயே மோசமான பொருளை எடுங்கள். மூன்று வரி நீளப் பெயர், ஒரே ஒரு படம், மதிப்பீடு இல்லை, இருப்பும் தீர்ந்துவிட்டது. அந்தப் பக்கம் பார்க்கும்படி இருந்தால் மற்றவை தாமாகவே தேறிவிடும்.

தமிழில் கடை நடத்துகிறவருக்கு இன்னொரு தொல்லை கூடுதல். பில்டரோடு வரும் ஆயத்த வடிவங்கள் பெரும்பாலும் ஆங்கில எழுத்தை வைத்து அளக்கப்பட்டவை. ஆங்கிலத் தலைப்பில் எடுப்பாக இருக்கும் எழுத்து இடைவெளி தமிழ்ச் சொல்லைத் துண்டு துண்டாகச் சிதறடிக்கும். வரி உயரம் போதாவிட்டால் மேல் வரியின் உகரக் கால் கீழ் வரியின் இகரக் கொக்கியில் போய் இடிக்கும். தேர்ந்தெடுத்த எழுத்துருவில் தமிழே இல்லாமலும் இருக்கலாம். அப்போது ஒவ்வொரு கருவியும் தன்னிடமுள்ள ஏதோ ஒரு தமிழ் எழுத்துருவை எடுத்துப் போட்டுக்கொள்ளும். உங்கள் கணினியில் கண்டது வாங்குகிறவர் போனில் இருக்காது. தமிழ் உள்ள எழுத்துரு, ஆங்கிலத்துக்குக் கொடுப்பதைவிடச் சற்றுத் தாராளமான வரி உயரம், கூடுதல் எழுத்து இடைவெளி சுழியம். இந்த மூன்றும் போதும்.

கணினித் திரையில் உட்கார்ந்து வடிவமைக்கிறோம், வாங்குகிறவரோ பேருந்தில் நின்றுகொண்டு போனில் பார்க்கிறார். எலிமென்டர் 767 பிக்சல் வரையிலான திரையை மொபைல் என்று கொள்கிறது. அந்த அகலத்தில் பக்கவாட்டில் இருந்த பத்திகள் ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்கிக்கொள்ளும். முதல் பத்தி மேலே, அடுத்தது கீழே. முதல் பத்தியில் படத்துக்குக் கீழே பாட்டி காலத்து வரலாறு, செய்முறை, தரச் சான்றிதழ் என்று அடுக்கியிருந்தால், பொத்தானைக் காண மூன்று திரை உருட்ட வேண்டும். அதற்கு மாற்றாகச் சிலர் ‘மொபைலில் மறை’ என்ற தேர்வைத் தட்டிவிடுகிறார்கள். அது கண்ணிலிருந்து மறைக்கும், அவ்வளவே. மறைத்த பகுதிக்கான குறிமொழி போனுக்கு வந்துகொண்டுதான் இருக்கும்.

பில்டர் வாங்கும் உண்மையான கூலி இந்தச் சுமைதான். ஒரு வரி எழுத்தை வைக்க அது பெட்டிக்குள் பெட்டியாக எத்தனையோ உறைகளை உண்டாக்குகிறது. கூகுளின் லைட்ஹவுஸ் சோதனைக் கருவி ஒரு பக்கத்தில் உறுப்புகள் சுமார் 800-ஐத் தாண்டினால் எச்சரிக்கவும் 1,400-ஐத் தாண்டினால் குறை என்று குறிக்கவும் வடிவமைக்கப்பட்டது. பில்டரில் தாராளமாகக் கைவைத்த பக்கம் இந்த எல்லையை எளிதில் தொட்டுவிடும். பக்கத்தின் பெரிய உருப்படி, பொருள் பக்கத்தில் அநேகமாகப் படம், 2.5 நொடிக்குள் தெரிய வேண்டும் என்பது கூகுள் வைத்திருக்கும் அளவுகோல். இந்தச் சுமையைச் சமாளிக்க எலிமென்டரே பழைய பத்தி அமைப்பிலிருந்து உறை குறைந்த ‘கன்டெய்னர்’ முறைக்கு மாறியது. ஷாப்பிஃபை என்ற இணையக் கடைத் தளம் 2021-இல் பொருள் பக்கத்தையும் பகுதி பகுதியாக அடுக்கும் வசதியைக் கொண்டுவந்தபோது, ஓர் அச்சில் இத்தனை பகுதிக்கு மேல் கூடாது என்று எல்லை கட்டியது. கடைக்காரருக்கு எரிச்சலாக இருக்கும். எனக்கென்னவோ அது நல்ல கட்டுப்பாடாகத்தான் படுகிறது.

பில்டரின் பட்டியலில் இரண்டு விட்ஜெட் மேல் எனக்குக் கொஞ்சம் சந்தேகம் உண்டு. ஒன்று, நேரம் இறங்கிக்கொண்டே வரும் கடிகாரம். உண்மையிலேயே இன்றிரவு சலுகை முடிகிறதென்றால் சரி. பக்கத்தைத் திறக்கும்போதெல்லாம் மறுபடி பதினைந்து நிமிடத்திலிருந்து தொடங்கினால் அது பொய். மற்றொன்று, ‘இன்னும் இரண்டே பொட்டலம்’ என்று இருப்பைப் பார்க்காமல் சொல்லும் பட்டை. இந்தியாவில் இவை ரசனை சார்ந்த விஷயம் மட்டுமல்ல. மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பர் 30 அன்று வெளியிட்ட வழிகாட்டுதல்கள் வாடிக்கையாளரை ஏமாற்றும் 13 வடிவமைப்பு உத்திகளைத் தடை செய்கின்றன. பொய் அவசரம் காட்டுவது அதில் ஒன்று. கேட்காத பொருளைக் கூடையில் நுழைப்பது இன்னொன்று.

கட்டாயம் இருக்க வேண்டியவையும் உண்டு. பொட்டலமிட்ட பொருள்களுக்கான சட்டமுறை எடையளவு விதிகளில் செய்த திருத்தம் 2018 ஜனவரி 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதன்படி தயாரிப்பாளர் பெயர், முகவரி, நிகர எடை, அதிகபட்ச சில்லறை விலை போன்றவற்றை இணையத்திலும் காட்ட வேண்டும். உணவுப் பொருள் என்றால் எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ-யின் 14 இலக்க உரிம எண்ணையும் கண்ணில் படும்படி வைப்பது நல்லது. கோவில்பட்டிக் கடலை மிட்டாய்க்கு 2020-இல் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. அதைப் பயன்படுத்த உரிமை பெற்றவர் அதைச் சொல்லாமல் விடுவது முட்டாள்தனம். தனிக் கட்டம் உண்டாக்கி அச்சில் ஒரே முறை இடம் ஒதுக்கிவிட்டால், பிறகு எந்தப் பொருளுக்கும் இவை விட்டுப்போகாது. பில்டர் தன் சம்பளத்துக்கு வேலை செய்வது இப்படிப்பட்ட இடத்தில்தான்.

நாளை பில்டர் வேண்டாம் என்று கழற்றினால் என்ன ஆகும் என்ற பயம் பலருக்கு. பெயர், விலை, படம், இருப்பு ஒன்றும் போகாது. அவை வூகாமர்ஸின் தரவு. பக்கம் பழைய பொது வடிவத்துக்குத் திரும்பும். அச்சில் நேரடியாக எழுதிய வாசகங்கள்தான் காணாமல் போகும். பொருளின் தரவை அதற்குரிய கட்டத்தில் வைக்க வேண்டும் என்பதற்கு இது இன்னொரு காரணம்.

பில்டரைத் தொடுமுன் ஒரு தாளை எடுத்து, உங்கள் வாடிக்கையாளர் போனில் கேட்கிற முதல் ஐந்து கேள்விகளை எழுதுங்கள். அவற்றுக்குப் பதில், பகல் வெளிச்சத்தில் எடுத்த தெளிவான படம், விலை, பொத்தான்: இவை முடிந்த பிறகு அலங்காரத்துக்குப் போகலாம். வெளியிடும் முன் வீட்டில் உள்ளதிலேயே பழைய ஆண்ட்ராய்டு போனில், வைஃபையை அணைத்துவிட்டு, உங்கள் கடையில் நீங்களே ஒரு பொட்டலம் வாங்கிப் பாருங்கள். பணம் கட்டி, ரசீது வரும் வரை.