தோட்டத்துக் காவலுக்கு நாய்க்குட்டி வாங்குகிறீர்களா? முதல் மூன்று மாதம் கவனம்

மண் பரிசோதனை முடிவை வாங்க வருகிற விவசாயிகள்கூட, கிளம்பும்போது, "தோட்டத்துக்கு ஒரு நாய்க்குட்டி கொண்டுவரலாம்னு இருக்கேன் சார்" என்று பேச்சை ஆரம்பிப்பார்கள். ஆடு களவு போவது, மோட்டார் வயரை அறுப்பது என்று காரணங்கள் இருக்கின்றன. நான் பயிர் படித்தவன். மருந்தின் அளவை கால்நடை மருத்துவர்தான் சொல்ல வேண்டும். ஆனால், குட்டி வந்த முதல் சில வாரங்களில் நடக்கும் தவறுகள் ஊருக்கு ஊர் ஒன்றாகவே இருப்பதால் இதை எழுதுகிறேன்.

முதல் தவறு, வயது. சந்தையில் 30 நாள் குட்டியைச் சாக்கில் போட்டு விற்கிறார்கள். எட்டு வாரம் நிறைந்த குட்டியைத்தான் வாங்க வேண்டும். அதுவரை தாயோடும் கூடப்பிறந்த குட்டிகளோடும் இருந்தால்தான், எவ்வளவு அழுத்திக் கடிக்கலாம் என்பதை விளையாட்டிலேயே கற்றுக்கொள்ளும். வாங்குமுன் தாய் நாயைப் பாருங்கள். அதற்கு வெறிநாய்க்கடி தடுப்பூசி போட்டிருக்கிறதா, குட்டிக்குக் குடற்புழு மருந்து கொடுத்தாயிற்றா என்று கேளுங்கள். ராஜபாளையம் குட்டி என்றால் இன்னொன்றும் பார்க்க வேண்டும். தூய வெள்ளை நிறக் குட்டிகளில் சிலவற்றுக்குப் பிறவியிலேயே காது கேட்காது. குட்டி உங்களைப் பார்க்காதபோது பின்னால் நின்று கை தட்டுங்கள். திரும்பாவிட்டால் காவலுக்கு உதவாது.

காலையில் கொண்டுவந்தால் இருட்டுவதற்குள் இடம் பழகிவிடும். தாய் படுத்திருந்த சாக்குத் துண்டு ஒன்றைக் கேட்டு வாங்கிவந்து படுக்கையில் போடுங்கள். இரவு அழுகை குறையும். மோட்டார் அறையில் அடைக்காதீர்கள். பூச்சிமருந்து டப்பாவும் எலி மருந்தும் பெரும்பாலும் அங்கேதான் இருக்கின்றன, குட்டியோ எதையும் வாயால்தான் சோதிக்கும். சுற்றுச்சுவர் இல்லாத கிணறு இருந்தால், வளரும் வரை அந்தப் பக்கம் விடக் கூடாது.

பசும்பாலை நிறைய ஊற்றினால் பல குட்டிகளுக்குக் கழிச்சல் வரும். குழைந்த சோறு, வேகவைத்த முட்டை, முள் நீக்கிய மீன், கேழ்வரகுக் கூழ் இவற்றை மூன்று மாதம் வரை நாளைக்கு நான்கு முறை கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள். வெங்காயம் போட்ட குழம்பு வேண்டாம். வெங்காயம் நாயின் ரத்தத்தைக் கெடுக்கும். உண்ணி பிடித்தால், பருத்திக்கு அடித்து மிஞ்சிய மருந்தைத் தடவுகிறவர்கள் இருக்கிறார்கள். உண்ணியோடு குட்டியும் செத்துவிடும்.

குடற்புழுவைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். உருண்டைப்புழு தாயின் வயிற்றில் இருக்கும்போதே குட்டிக்கு வந்துவிடும். அதனால் இரண்டு வார வயதிலிருந்து மூன்று மாதம் வரை இரு வாரத்துக்கு ஒருமுறையும், பிறகு ஆறு மாதம் வரை மாதம் ஒருமுறையும் மருந்து தர வேண்டும். ஆடு வைத்திருப்பவர்கள் அதோடு நிறுத்தக் கூடாது. தலையைச் சாய்த்துக்கொண்டு ஒரே இடத்தில் சுற்றும் ஆட்டைப் பார்த்திருப்பீர்கள். நாயின் குடலில் இருக்கும் ஒரு வகை நாடாப்புழுவின் முட்டை மேய்ச்சல் வழியாக ஆட்டுக்குள் போய், மூளையில் நீர்க்கட்டியாக வளர்வது அதற்கு ஒரு முக்கியக் காரணம். செத்த ஆட்டின் தலை, ஈரல், நுரையீரலை நாய்க்குப் போடாமல் ஆழமாகப் புதையுங்கள். வளர்ந்த நாய்க்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை நாடாப்புழுவுக்கும் சேர்த்து மருந்து கொடுங்கள்.

ரத்தமும் நாற்றமுமாகக் கழிந்து, வாந்தி எடுத்துச் சுருண்டு படுத்தால் அது பார்வோ நோயாக இருக்கலாம். அன்றைக்கே மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு போக வேண்டும். இந்தக் கிருமி மண்ணில் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். போன குட்டி அப்படிச் செத்திருந்தால், அதே இடத்துக்குத் தடுப்பூசி முடியாத புதுக் குட்டியைக் கொண்டுவராதீர்கள். இதற்கான தடுப்பூசியை ஆறு முதல் எட்டு வாரத்தில் தொடங்கி, மூன்று, நான்கு வார இடைவெளியில் 16 வாரம் வரை போட வேண்டும். ஒரு ஊசியோடு நிறுத்துவதுதான் நம் வழக்கம், அது போதாது.

குட்டிதானே என்று விடாதீர்கள்

வெறிநாய்க்கடி தடுப்பூசி மூன்று மாத வயதில்தான் வழக்கமாகப் போடப்படுகிறது. அதன்பிறகு ஆண்டுக்கு ஒருமுறை. அப்படியானால், வீட்டுப் பிள்ளைகள் குட்டியோடு அதிகம் விளையாடும் அந்த முதல் வாரங்களில் அதற்குப் பாதுகாப்பு இல்லை. "குட்டி பல் பட்டா ஒண்ணும் ஆகாது" என்று பெரியவர்களே சொல்கிறார்கள். அது தவறு. வெறிநாய் கடித்த குட்டிக்கும் நோய் வரும். அது பிள்ளைக்கும் பரவும். அறிகுறி தெரிந்த பிறகு ஆளைக் காப்பாற்ற அநேகமாக வழியே இல்லை.

பல்லோ நகமோ பட்டுத் தோல் கீறினால், ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவுங்கள். சுண்ணாம்பு, மிளகாய்த்தூள், காப்பித்தூள் எதுவும் வைக்க வேண்டாம். அன்றே அரசு மருத்துவமனைக்குப் போய் ஊசி தொடங்குங்கள். முதல் நாளை 0 என்று கணக்கிட்டு 0, 3, 7, 28 ஆகிய நாட்களில் தோலில் போடுவார்கள். ரத்தம் வந்த காயம் என்றால் காயத்தைச் சுற்றிப் போடும் இன்னொரு மருந்தும் தேவை, கேட்டு வாங்குங்கள். கடித்த குட்டியை அடித்துக் கொல்லாமல், கட்டிவைத்துப் பத்து நாள் கவனியுங்கள். அது நன்றாக இருக்கிறதா என்று மருத்துவர் நிச்சயம் கேட்பார்.