கழித்தல் குறி வரையும் பூ

மாணவர்களே, சிலிம் ரிவர் ரயில் நிலையத்தில் நிற்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். தஞ்சோங் மாலிம் எங்கே என்று ஒருவர் கேட்கிறார். "தென்கிழக்கே, நேர்க்கோட்டில் சுமார் 20 கிலோமீட்டர்" என்கிறீர்கள். ஒரு திசை, ஒரு தூரம். இடத்தைக் குறிக்க இவை போதும். இதுவே துருவ ஆயமுறை. நீங்கள் நிற்கும் புள்ளி துருவம். கோணத்தைக் கிழக்கிலிருந்து கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் அளப்போம்: கிழக்கு 0 பாகை, வடக்கு 90, மேற்கு 180.

தூரம் −20 என்று வந்தால் என்ன செய்வது? வடமேற்கைப் பார்த்து நின்று, முகத்தைத் திருப்பாமல் 20 கிலோமீட்டர் பின்னால் நடங்கள். அப்போதும் தஞ்சோங் மாலிம் பக்கமே போய்ச் சேர்வீர்கள்! துருவச் சமன்பாடுகளை வரையும்போது பலர் தடுமாறும் இடம் இதுதான்.

இனி ஒரு சமன்பாட்டை வரைவோம்:

தூரம் = 4 × கோசைன் (2 × கோணம்)

கோணம் 0 என்றால் தூரம் 4. 30 பாகையில் 2. 45 பாகையில் 0. 60 பாகையில் −2. 90 பாகையில் −4. கடைசிப் புள்ளிக்கு வடக்கைப் பார்த்து நின்று பின்னால் போக வேண்டும். ஆகவே அது தெற்கில் விழும். இப்படியே 360 பாகை வரை குறித்து, புள்ளிகளை வரிசையாக இணைத்தால் 4 இதழ்ப் பூ கிடைக்கும். கழித்தல் குறி வந்த புள்ளிகளைத் தவறென்று விட்டுவிட்டால் 2 இதழ்களே மிஞ்சும்.

இப்போது 2க்குப் பதில் 3 போடுங்கள். இதழ்கள் 6 அல்ல, 3தான். காரணம் எளிது. 0 பாகையில் தூரம் 4. 180 பாகையில் −4. மேற்கைப் பார்த்து 4 அலகு பின்னால் நடந்தால் கிழக்கிலிருக்கும் அதே புள்ளிதான்! பாதிச் சுற்றிலேயே பூ முடிந்துவிடுகிறது. மீதிப் பாதி அதே கோட்டின்மேல் மீண்டும் ஓடுகிறது. 2 என்ற இரட்டை எண்ணுக்கோ 180 பாகையிலும் தூரம் 4. புள்ளி மேற்கில் விழுந்து புது இதழாகிறது.

18ஆம் நூற்றாண்டில் இத்தாலியக் கணித அறிஞர் குய்டோ கிராண்டி இந்த வளைவுகளை ஆராய்ந்து, ரோஜாவைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லையொட்டிப் பெயர் சூட்டினார்.

வாசலில் 6 இதழ்க் கோலம் போடுவது எளிது. ஆனால், இந்தச் சமன்பாட்டில் எந்த முழு எண்ணைப் போட்டாலும் 6 இதழ் வராது. ஏன்? ஒரு தாளை எடுத்து 4, 5, 6 என்று வரைந்து பாருங்கள்.