நகைச்சுவைத் தொடர்களும் கணினி விளையாட்டுகளும்

மக்கள் தொலைக்காட்சியிற் கண்டு மகிழும் நகைச்சுவைத் தொடர்களைக் கணினி விளையாட்டுகளாக மாற்றி விற்கும் வழக்கம் மேனாட்டிலும் நம் நாட்டிலும் உண்டு. தொடரைக் கண்டு வயிறு குலுங்கச் சிரித்தவர், அதன் பெயர் தாங்கிய விளையாட்டைக் கையிலெடுத்தபின் பெரும்பாலும் ஏமாற்றமே அடைகின்றனர். இதற்குக் காரணம் யாதென ஈண்டு ஆராய்வோம்.

முதலாவது, நகை காலத்தைப் பற்றி நிற்பது. நம் மதுரை தந்த நடிகர் வடிவேலு, ஒரு சொல்லுக்கு முன் சற்றே தயங்கி விழிப்பதிலேயே பாதிச் சிரிப்பு அடங்கியுள்ளது. அத்தயக்கத்தின் அளவை நடிகரே அறிவர். விளையாட்டிலோ காலம் ஆடுபவன் கையில் இருக்கிறது. அவன் முந்தினும் பிந்தினும் சுவை கெடும். தோற்றுத் தோற்று மீண்டும் ஆடுங்கால், ஒரே வேடிக்கைச் சொல்லைப் பத்து முறை கேட்க நேர்ந்தால் நகை வெறுப்பாக முடியும்.

இரண்டாவது, தொல்காப்பியர் நகைக்குக் கூறிய நிலைக்களன்களுள் பேதைமையும் மடமையும் உள்ளன. பிறனொருவன் பேதைமையால் இடறுவதைப் புறத்தே நின்று காண்கையில் நகைக்கிறோம். விளையாட்டில் அவனிடத்தில் நாமே நிற்கிறோம். அவன் இடறினால் தோல்வி நமதாகிறது. தன் தோல்விக்குச் சிரிப்பவர் சிலரே. தோற்பதற்கென்றே படைக்கப்பட்ட பாத்திரத்தை வெல்ல வைப்பது அதன் உயிரை நீக்குவதாகும்.

மூன்றாவது வாணிக நோக்கம். புகழ் மங்குமுன் விற்கவேண்டுமென்னும் அவசரத்தால், முன்னமே வழக்கிலுள்ள ஆட்டமொன்றிற்குப் புது முகம் பூசுகின்றனர். 1994-இல் வெளிவந்த 'ஹோம் இம்ப்ரூவ்மெண்ட்' விளையாட்டில், குடும்பத் தலைவராகிய டிம் டெய்லர் தச்சுக் கருவிகளை ஆயுதமாக ஏந்தி டைனோசர்களோடு போரிடுகிறார். தொடரின் இல்லறப் பேச்சுக்கு ஆங்கு இடமில்லை. 2008-இல் தொடங்கிய 'தாரக் மேத்தா கா உல்டா சஷ்மா' என்னும் இந்தித் தொடரைத் தழுவி, 'ரன் ஜேத்தா ரன்' என்னும் கைப்பேசி விளையாட்டு வந்தது. கடைக்காரர் ஜேத்தாலால் அயலாரிடம் பேசிச் சிக்கிக்கொள்வதே தொடரின் சுவை. விளையாட்டிலோ அவர் தடைகளைத் தாண்டி ஓடுகிறார். வேறொருவர் ஓடினும் ஓட்டம் மாறாது.

ஆயினும் குற்றம் விளையாட்டுக் கலையினதன்று. 2014-இல் வந்த 'சவுத் பார்க்: தி ஸ்டிக் ஆப் ட்ரூத்' நன்மதிப்புப் பெற்றது; தொடரைப் படைத்த ட்ரே பார்க்கரும் மேட் ஸ்டோனும் அதன் கதையையும் உரையாடலையும் தாமே எழுதினர். பேச்சே ஆட்டத்தின் உறுப்பாயிற்று.

பட்டிமண்டபமும் திருவிழாக் கூத்தும் கேட்டு வளர்ந்த இப்பக்கத்து மாணவர் பலர் இன்று கணினிக் கலை பயில்கின்றனர். அவருள் ஒருவர் தமிழ் நகைச்சுவையொன்றை விளையாட்டாக்க முற்படின், முகத்தை வரையுமுன், சிரிப்பு எங்கிருந்து பிறந்தது என்று வினவுவாராக. அவ்வினாவை விடுத்தால் பெயர் மட்டுமே எஞ்சும்.