மரத்தவளைக்கு மார்கழிக் குளிர்

அல்சூரை அடுத்த நம் ஜோகுபாளையத்தில் மார்கழி இரவுகளில் வெப்பம் 15 டிகிரி அளவுக்கு இறங்குவதுண்டு. நாம் கம்பளியைத் தேடுகிறோம். கண்ணாடிப் பெட்டியில் வளரும் ஆஸ்திரேலிய மரத்தவளை எங்கே போகும்?

அவ்வச்சத்தால் சென்ற ஆண்டு நாம் பெரும்பிழை செய்தோம். 60 வாட் குமிழ் விளக்கைப் பெட்டியின்மேல் இரவெல்லாம் எரியவிட்டோம். விடிந்து பார்த்தால் பாசி காய்ந்து கிடந்தது. தவளை ஒரு மூலையில் வாடி ஒடுங்கியிருந்தது. பிள்ளைகள் அழுத அழுகை சொல்லி முடியாது. தவளைக்குத் தோலும் மூச்சு வாங்கும் உறுப்பன்றோ! அதன் ஈரம் உலர்ந்தால் உயிருக்கே இடர். நல்லவேளையாக, நீர் தெளிக்கத் தெளிக்க மெல்லத் தேறியது.

இப்போது வெப்பம் வேறு, வெளிச்சம் வேறு என்று பிரித்துவிட்டோம். வெப்பத் தகட்டைப் பெட்டியின் வெளிப்புறத்தே, ஒரு பக்கச் சுவரில் மட்டும் பொருத்தியுள்ளோம். அப்பக்கம் பகலில் 27 டிகிரி. மறுபக்கம் சற்றுக் குளிர்ச்சி. வேண்டிய இடத்தைத் தவளையே தேர்ந்துகொள்கிறது. இரவில் 20 டிகிரி போதும். தெர்மோஸ்டாட் இன்றித் தகட்டைப் பயன்படுத்தலாகாது. கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு உறங்கும் பிராணிக்கு வயிறு வெந்துவிடும். வெளிச்சத்துக்கு, அதிகம் சூடேறாத எல்.இ.டி. விளக்கு பகலில் 12 மணி நேரம். இரவில் இரை தேடும் உயிருக்கு அப்போது இருளே வேண்டும்.

மழைநாளில் குளியலறைச் சுவரில் வந்தமரும் நாட்டு மரத்தவளைக்கும் பெட்டி வேண்டுமெனப் பிள்ளைகள் கேட்கிறார்கள். அதற்கு இவ்வூர்க் குளிர் புதிதன்று. சன்னலைத் திறந்துவைத்துள்ளோம்.