வழித்துணையும் கைத்தொலைபேசியும்

பெண்பிள்ளை ஒருத்தி தனித்துப் புறப்பட நேரின், பெற்றோர் முதலில் வினவுவது "துணைக்கு யார்?" என்பதே. கண்டி நகரில் அவ்வினாவிற்கு நெடுங்காலம் விடையாக நின்றவர் தெருமுனைத் தரிப்பிடத்து முச்சக்கரவண்டிக்காரர். அவர்தம் வீடும் குடும்பமும் ஊரார் அறிந்தவை. பிழை செய்தால் மறுநாள் அங்கே தலைகாட்ட இயலாது. 2015ஆம் ஆண்டில் பிக்மி, ஊபர் என்னும் செயலிகள் இலங்கையில் தொழில் தொடங்கியபின், முன்பின் அறியாத ஒருவர் வாயிலில் வந்து நிற்கின்றார். அறிமுகம் செய்துவந்த வேலையை இனிப் பதிவேடு செய்யவேண்டும்.

பஸ்ஸிலும் புகையிரதத்திலும் நம் பெண்கள் படும் தொல்லை சிறிதன்று. ஐக்கிய நாடுகள் சனத்தொகை நிதியம் இந்நாட்டில் நடத்தி 2017இல் வெளிப்படுத்திய ஆய்வின்படி, அவற்றில் பாலியல் தொல்லைக்கு ஆளானோர் நூற்றுக்கு 90 பேர். அவருள்ளும் பொலிசாரை நாடினோர் நூற்றுக்கு நால்வரே. 1995இல் திருத்தப்பெற்ற தண்டனைச் சட்டக்கோவையின் 345ஆம் பிரிவு இக்குற்றத்திற்கு ஐந்தாண்டு வரை சிறை விதிக்கின்றது. சட்டம் உளது; முறையிடும் துணிவுக்குத்தான் பஞ்சம். அத்தொல்லைக்கு அஞ்சியே பலர் தனி வண்டியை நாடுகின்றனர்.

செயலி என்றதும் பலரும் அபாயப் பொத்தானையே நினைப்பர். 2014 டிசம்பரில் தில்லியில் ஊபர் சாரதியொருவன் பயணியைக் கெடுத்த கொடுமைக்குப் பின்னரே அந்நிறுவனம் இந்தியாவில் அப்பொத்தானை வைத்தது. வேண்டுவதுதான், எனினும் அது தீமை தொடங்கியபின் உதவுவது. அதனினும் ஆழ்ந்த பாடம் சீனத்தில் உண்டு. 2018 மே, ஆகஸ்ட் மாதங்களில் டிடி நிறுவனத்தின் 'ஹிட்ச்' என்னும் பகிர்பயணச் சேவையை நாடிய பெண்கள் இருவர் கொலையுண்டனர். அச்சேவையில் சாரதிகள் பயணியரின் தோற்றத்தைப் பற்றிக் குறிப்பெழுதவும், பிற சாரதிகள் அதனைப் படிக்கவும் இடமிருந்தது. நட்பு வளருமென்று வைத்த ஏற்பாடு வேட்டைக்காரனுக்கு வழிகாட்டியாயிற்று! இரண்டாம் கொலைக்கு முதல்நாளே வேறொரு பெண் அச்சாரதிமேல் முறையிட்டிருந்தார். உரிய காலத்தில் அதனை ஆராயவில்லை என்று நிறுவனமே ஒப்புக்கொண்டது.

ஆகவே, சாரதியைப் பற்றிப் பயணி நிறைய அறியவேண்டும். பயணியைப் பற்றிச் சாரதி குறைவாகவே அறியவேண்டும். பெயர், படம், வண்டி இலக்கம் ஆகியன அவளுக்குத் தெரிதல் முறை. அவளது தொலைபேசி இலக்கமோ மறைந்திருக்க வேண்டும். பயணம் முடிந்ததும் வீட்டு முகவரி அவர் கண்ணிலிருந்து அகலவேண்டும். ஏறுமுன் அவள் கூறும் நாலிலக்க எண் பொருந்தினாலன்றிப் பயணம் தொடங்காதபடி வைப்பின், மாறி வேறு வண்டியில் ஏறும் இடரும் நீங்கும். நட்சத்திரப் புள்ளிகளை நான் பெரிதும் நம்புவதில்லை. வீட்டை அறிந்த ஒருவருக்கு எப்பெண் துணிந்து குறைத்துப் புள்ளியிடுவாள்? பலர் இட்ட புள்ளிகள் திரண்டபின், இட்டவர் யாரெனத் தெரியாவண்ணம் காட்டுதலே தக்கது.

இனி நம் மலைநாட்டிற்கு வருவோம். பாதை மாறினால் எச்சரிக்கும் கருவி சமவெளிக்கு நன்று. வளைவுக்கு வளைவு ஒலிக்குமாயின் அதனை எவரும் பொருட்படுத்தார். மலை மறைப்பில் தொடர்பு அறுவதும் உண்டு. அறுமுன் வண்டி நின்ற இடத்தைக் குறுஞ்செய்தியாக வீட்டாருக்கு அனுப்பச் செய்தல் இயலாததன்று. மொழியும் ஓர் இடரே. தோட்டத்திலிருந்து வகுப்புக்கு வரும் மாணவி இக்கட்டு நேரத்தில் ஆங்கில எழுத்தைத் தடவிக்கொண்டிருக்கலாமா? 119 என்னும் பொலிஸ் இலக்கமும் 1938 என்னும் மகளிர் உதவி இலக்கமும் தமிழில் விளக்கத்தோடு முன்னிற்க வேண்டும்.

பெண் சாரதிகளே போதுமென்பார் உளர். கேரள அரசு 2013இல் திருவனந்தபுரத்தில் தொடங்கிய 'ஷீ டாக்சி' அவ்வழியது. ஆயினும் இங்கு அத்தகையோர் மிகச் சிலர். அவரையே எதிர்பார்ப்பவள் இருட்டில் வீதியோரம் காத்துநிற்க நேரும். அதுவும் ஆபத்தன்றோ? விரும்பித் தெரியும் உரிமையாக மட்டும் அது இருக்கட்டும்.

நம் பழைய மாணவருள் மென்பொருள் வகுப்போர் பலர் உளர். கொழும்பில் வரைந்ததை அவர்கள் ஒருமுறை ஹந்தானைச் சரிவில், மழைநாளில், இரவு ஏழு மணிக்குப்பின், தம் தங்கையரின் கையிற் கொடுத்துப் பரீட்சித்துப் பார்ப்பாராக.